வானம் தேடி வந்தவர்கள்: லெ ழாந்தியும் சோழிக் கணக்கும்

1768ஆம் ஆண்டில் நம் தாராபுரத்துக் கோட்டை இரண்டு முறை கை மாறிற்று. மைசூர்ப் படைகளுக்கும் கும்பினிப் படைகளுக்கும் நடந்த முதல் யுத்தத்தில், கர்னல் உட் என்னும் ஆங்கிலேயத் தளபதி அமராவதிக் கரையிலிருந்த அந்தக் கோட்டையைப் பிடித்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஐதர் அலி அதை மீட்டுக்கொண்டார். யார் வந்து தண்டல் கேட்பார், யாருக்குத் திறை கட்டுவது என்று கொங்குச் சீமையின் குடியானவர்கள் திகைத்து நின்ற அந்த ஆண்டிலேயே, மார்ச் மாதம் 27ஆம் தேதி, பாண்டிச்சேரிக் கரையில் ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து இறங்கினார். அவருக்குக் கோட்டை வேண்டாம், சீமை வேண்டாம், மிளகும் துணியும் வேண்டாம். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரே ஒரு நாள் காலையில் மேகமில்லாத கிழக்கு வானம் மட்டும் வேண்டும் என்று, வீட்டை விட்டுப் புறப்பட்டு எட்டு ஆண்டுகள் கடலிலும் தீவுகளிலும் கழித்துவிட்டு வந்தவர் அவர். கியோம் லெ ழாந்தி என்பது அவர் பெயர்.

அதே பாண்டிச்சேரியிலிருந்து 1689 டிசம்பரில் ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தெற்கு வானின் ஒரு பெரிய நட்சத்திரம் உண்மையில் இரட்டை என்று கண்டறிந்த ழான் ரிஷோ பாதிரியாரைப் பற்றிச் சென்ற பகுதியில் சொன்னோம். வைகாசி இரவுகளில் நம் ஊரிலிருந்தும் தெற்கே தாழ்வாக அந்த நட்சத்திரத்தைக் காணலாம். ரிஷோவுக்கு அதிருஷ்டம் தானாக வந்து வாய்த்தது. லெ ழாந்தியோ, உலக வானசாஸ்திர சரித்திரத்திலேயே துரதிருஷ்டசாலி என்று பெயர் எடுத்தவர். அந்தத் துரதிருஷ்டக் கதையைப் பல நாட்டு ஆசிரியர்கள் பலவிதமாகச் சொல்லிச் சலித்துவிட்டார்கள்; நாடகமாகவும் அது மேடையேறியிருக்கிறது. ஆனால் தமிழர்களாகிய நமக்கு அவர் சரித்திரத்தில் முக்கியமானது அவர் இழந்த காட்சியன்று. அதற்காகக் காத்திருந்த மாதங்களில் பாண்டிச்சேரியில் அவர் கற்றுக்கொண்ட பாடம் என்பது என் அபிப்பிராயம்.

நார்மண்டியைச் சேர்ந்த கூத்தான்ஸ் என்னும் ஊரில் 1725 செப்டம்பர் 12 அன்று பிறந்த லெ ழாந்தி, பாதிரியாராகும் உத்தேசத்துடன் பாரிஸுக்குப் போய் வேதசாஸ்திரம் படித்துக்கொண்டிருந்தவர். டெலில் என்னும் வானசாஸ்திரப் பேராசிரியரின் சொற்பொழிவுகளைக் கேட்கப் போனதே அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. காஸினி குடும்பத்தார் நடத்திவந்த பாரிஸ் வானாய்வு நிலையத்தில் சேர்ந்தார். ஆகாயத்தில் மங்கலாகத் தெரியும் ஒளிமேகங்களைத் தேடிப் பதிவு செய்தார். ஆந்திரோமேடா மண்டலத்தின் பெரிய ஒளிமேகத்தை அடுத்திருக்கும் சிறிய துணையை 1749இல் முதலில் கண்டவர் அவரே. 1753இல் விஞ்ஞானக் கழகத்தின் அங்கத்தினரானார். இவ்வளவோடு நின்றிருந்தால், கௌரவமாக வாழ்ந்து மறைந்த ஐம்பது அறுபது வானசாஸ்திரிகளுள் ஒருவராக அவர் போயிருப்பார்.

அவரைக் கடல் கடக்க வைத்தது சுக்கிரன். நம் பூமிக்கும் சூரியனுக்கும் இடையே சுக்கிரன் வரும்போது, அது பெரும்பாலும் சூரியனுக்குச் சற்று மேலேயோ கீழேயோ விலகிப் போய்விடும். எப்போதாவது ஒருமுறைதான் சூரிய பிம்பத்தின் மேலேயே ஒரு கரும்புள்ளியாக ஊர்ந்து கடக்கும். அப்படிக் கடப்பது எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை நேரும். பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் நேராது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பது அக்காலத்தில் எவருக்கும் திட்டமாகத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டால் மற்றக் கிரகங்களின் தூரங்களையெல்லாம் ஒரே வீச்சில் கணக்கிட்டுவிடலாம். கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் மாறி மாறிப் பார்த்தால், சுவரின்மேல் விரல் இடம் மாறுவதுபோல் தோன்றுமல்லவா? பூமியின் இரண்டு மூலைகளிலிருந்து இரண்டு பேர் சுக்கிரனைப் பார்த்தால், சூரிய பிம்பத்தின்மேல் அது செல்லும் பாதை அதுபோலவே சிறிது விலகித் தெரியும். அந்த விலக்கத்திலிருந்து தூரத்தைக் கணித்துவிடலாம் என்று எட்மண்ட் ஹாலி என்னும் ஆங்கிலேயர் 1716இல் எழுதிவைத்தார். அடுத்த கடப்பு 1761இல். அதுவரை தாம் உயிரோடிருக்கப்போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

1761 ஜூன் 6ஆம் தேதிக் கடப்பைப் பார்ப்பதற்கென்று ஐரோப்பிய ராஜ்யங்கள் நாலா திசையிலும் ஆட்களை அனுப்பின. ஷாப் என்பவர் சைபீரியாவுக்குப் போனார். பாங்க்ரே என்பவர் ரொட்ரிகஸ் தீவுக்குப் போனார். லெ ழாந்திக்குப் பாண்டிச்சேரி வாய்த்தது. 1760 மார்ச் 26 அன்று கப்பலேறியவர், ஜூலை 10இல், இன்று மொரீஷியஸ் எனப்படும் பிரான்ஸ் தீவை அடைந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த முதல் செய்தி யுத்தம். பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் இந்தியாவில் நடந்துவந்த போராட்டம் உச்சத்தில் இருந்தது, பாண்டிச்சேரி முற்றுகையிடப்பட்டிருந்தது, அந்தப் பக்கம் போகக் கப்பலே இல்லை. மாதக்கணக்கில் காத்திருந்து, இடையே வயிற்றுக்கடுப்பால் படுத்து எழுந்து, 1761 மார்ச் மாதத்தில் 'சில்ஃபீத்' என்ற போர்க்கப்பலில் அவர் இடம் பிடித்தார். எதிர்க்காற்று கப்பலை அரபிக்கடலெங்கும் அலைக்கழித்தது. மே மாதக் கடைசியில் மலையாளக் கரையில் மாஹேயை நெருங்கியபோது, தோணிக்காரர்கள் மூலம் செய்தி வந்தது: மாஹேயும் போயிற்று, பாண்டிச்சேரியும் போயிற்று. அந்த ஆண்டு ஜனவரியிலேயே ஆங்கிலேயத் தளபதி சர் அயர் கூட்டிடம் பிரெஞ்சுத் தளபதி லாலி சரணடைந்துவிட்டார் என்பதை அறியாமலேயே அக்கப்பல் இரண்டு மாதங்களுக்கு மேல் வந்திருந்தது. தலைவன் கப்பலைத் திருப்பினான்.

ஆக, ஜூன் 6 அன்று லெ ழாந்தி நடுக்கடலில் இருந்தார். வானம் நிர்மலமாக இருந்தது; சூரியன்மேல் சுக்கிரன் ஊர்வதைக் கண்ணாரக் கண்டார்; நேரத்தையும் குறித்தார். ஆனால் ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் ஓடாது. தாம் நின்ற இடத்தின் தீர்க்கரேகை இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டும் இல்லாத கணக்கு ஒன்றுக்கும் உதவாது. அதே காலையில் சென்னைப்பட்டணத்தில், தரையில் காலூன்றி நின்று, வில்லியம் ஹர்ஸ்ட் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார் அதே காட்சியைச் செவ்வனே பார்த்து எழுதினார். யுத்தம் யாருக்கு ஜயம் தந்ததோ அவர்களுக்கே ஆகாயமும் கிடைத்தது என்று கசப்பாகச் சொல்லலாம்.

வேறொருவராக இருந்தால் ஊர் திரும்பியிருப்பார். அடுத்த கடப்பு 1769இல் வருகிறது, எட்டு ஆண்டுகள்தானே என்று லெ ழாந்தி கீழைக்கடலிலேயே தங்கிவிட்டார். மடகாஸ்கர் கரையையும் சுற்றுத்தீவுகளையும் வரைபடமாக்கினார். காற்றுகளையும் நீரோட்டங்களையும் குறித்தார். மூலிகைகளையும் மீன்களையும் வர்ணித்தார். பிறகு மணிலாவே சிறந்த இடம் என்று கணித்து 1766இல் அங்கே போனார். அவ்வூர் ஸ்பானியக் கவர்னர் அவர்மேல் சந்தேகம் கொண்டார். விஞ்ஞானக் கழகத்தாரோ பாண்டிச்சேரிதான் உத்தமம் என்று எழுதினார்கள். பாண்டிச்சேரி இதற்குள் உடன்படிக்கையின்படி பிரெஞ்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. இப்படித்தான் 1768இல் அவர் நம் கரைக்கு வந்து சேர்ந்தார்.

கவர்னர் லா தெ லோரிஸ்தோன் அவரை அன்போடு வரவேற்றார். ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய கோட்டையின் இடிபாடுகளுக்கு நடுவே, எஞ்சி நின்ற பழைய சுவர்களின்மேல், ஒரு வானாய்வுக் கூடம் அவருக்காக எழும்பிற்று. அதன் அடித்தளத்தில் வெடிமருந்து சேமித்து வைத்திருந்தார்கள் என்பதை அவரே எழுதியிருக்கிறார். இரவு முழுதும் விளக்கேற்றிக் கணக்குப் போடுகிறவர் அதற்கு மேலே அமர்ந்து நிம்மதியாகவே வேலை செய்தார் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. சென்னையிலிருந்த ஆங்கிலேயர்களோ, பழைய பகையை மறந்து, அவருக்கென்று ஒரு நல்ல தொலைநோக்கியை அனுப்பிவைத்தார்கள். ஐதர் அலியின் குதிரைப்படை சென்னையின் வாசல்வரை வந்து நின்று, 1769 ஏப்ரலில் அவர்களைச் சமாதானத்துக்குப் பணிய வைத்த காலம் அது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். சாஸ்திரத்துக்கென்று அக்காலத்தில் இருந்த இந்த மரியாதை, சத்துரு மித்திர பேதம் பாராதது.

1769 மே மாதத்துக் காலைகளெல்லாம் தெளிவாக விடிந்தன. ஜூன் 3 மாலை, கவர்னரும் அவரும் சேர்ந்து வியாழனின் சந்திரர்களைத் தொலைநோக்கியில் பார்த்து மகிழ்ந்தார்கள். விடிந்தால் ஜூன் 4. உதிக்கும் சூரியன் சுக்கிரனைத் தன்மேல் சுமந்துகொண்டே உதிக்கும். ஏழு மணி சுமாருக்குச் சுக்கிரன் விளிம்பைத் தாண்டி வெளியேறும். அந்த வெளியேற்றம் ஒன்றைக் குறித்துவிட்டால் போதும். இரவு இரண்டு மணிக்கு விழித்தவர், தென்கிழக்கே மணல்திட்டில் அலை மோதும் இரைச்சலைக் கேட்டு, காற்று நல்ல திசையில்தான் இருக்கிறது என்று மனம் தேறினார். எழுந்து பார்த்தால் வானமெல்லாம் மேகம். ஐந்து மணிக்குமேல் காற்று சுழன்றடித்துக் கடலை நுரையாக்கிற்று. மேகம் இன்னும் இறுகிற்று. ஏழு மணி வந்தது, போயிற்று. சுக்கிரன் போன சிறிது நேரத்துக்கெல்லாம் மேகம் விலகி, அன்று முழுவதும் சூரியன் தகதகவென்று காய்ந்தது. அவர் விட்டுவந்த மணிலாவிலோ அன்று காலை வானம் மாசற்று இருந்தது. இரண்டு வாரங்களுக்கு மேல் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. தினக்குறிப்பு எழுத எடுத்த பேனா பலமுறை கையிலிருந்து நழுவிற்று என்று எழுதுகிறார்.

இவ்வளவும் எல்லோரும் சொல்லும் கதை. இனி நம் கதைக்கு வருவோம்.

பாண்டிச்சேரியில் தங்கிய காலத்தில் லெ ழாந்தி கவனித்த ஒரு விஷயம் அவரை உலுக்கிவிட்டது. ஐரோப்பாவில் கிரகணம் கணிப்பதென்றால் அச்சிட்ட அட்டவணைகள், காகிதம், மை, பெருக்கல் வகுத்தல்கள் என்று நாட்கணக்கில் வேலை. இங்கே ஒரு தமிழர் தரையில் உட்கார்ந்தார். பலகறை என்கிற சோழிகளைக் கைநிறைய எடுத்து வரிசை வரிசையாக வைத்தார். மனப்பாடமாக இருந்த வாக்கியங்களை முணுமுணுத்துக்கொண்டே சோழிகளைக் கூட்டியும் எடுத்தும் நகர்த்தினார். காகிதத்தில் ஓர் எழுத்தும் எழுதாமல் கிரகணத்தின் தொடக்கத்தையும் முடிவையும் சொல்லிவிட்டார். சோதித்துப் பார்க்க லெ ழாந்தி எடுத்துக்கொண்டது 1765 ஆகஸ்ட் 30ஆம் தேதியின் சந்திர கிரகணம். அது நீடித்த நேரத்தைச் சொல்வதில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைந்திருந்தது. ஐரோப்பாவில் அப்போது தலைசிறந்ததென்று புகழப்பட்ட தோபியாஸ் மாயரின் அட்டவணை 68 விநாடி கூடியிருந்தது. இங்கே நான் சொல்லும் விநாடி கடிகார விநாடி. நாழிகைக் கணக்கின் விநாடியன்று. ஒரு கிரகணத்தில் கிடைத்த வெற்றியைக் கொண்டு நம் கணக்கே மேலானது என்று மார்தட்டுவது சரியன்று. வேறு கிரகணங்களில் மாயர் வென்றிருக்கக்கூடும். ஆனால் சோழிக் கணக்கின் பிழைக்கும் அச்சு அட்டவணையின் பிழைக்கும் அளவில் ஒரு நிமிஷம்கூட வித்தியாசமில்லாதபடி பந்தயம் நடந்தது என்பதே பாரிஸில் வியப்பாக இருந்தது.

லெ ழாந்தி அத்துடன் விடவில்லை. துபாஷியை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் பாடமாகவே கேட்டார். அவர் எழுதி எடுத்துப்போன விதிகளை ஐரோப்பியர் திருவாரூர் அட்டவணை என்று அழைத்தார்கள். நாகப்பட்டினத்துக்கு மேற்கே உள்ள நம் திருவாரூர்தான் அது. அதன்படி ஓர் ஆண்டு என்பது 365 நாள், 15 நாழிகை, 31 விநாடி, 15 தற்பரை. கடிகாரக் கணக்கில் இது 365 நாள் 6 மணி 12 நிமிஷம் 30 விநாடி. நட்சத்திரங்களை வைத்து அளக்கும் ஆண்டின் உண்மையான நீளத்தைவிட இது ஏறக்குறைய மூன்றேகால் நிமிஷம் அதிகம்.

சந்திரன் கணக்குதான் அதன் உள்ளே இருக்கும் ரத்தினம். சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்கு அருகில் வரும்போது விரைந்தும், விலகும்போது மந்தமாகவும் செல்லும். இப்படி ஒன்பது சுற்றுப் போனால் 248 நாளாகிறது. அதன்பின் பழைய நடையே திரும்பவும் வரும். ஆகவே 248 நாளுக்கும் ஒவ்வொரு வாக்கியம் செய்து, அந்தந்த நாளில் சந்திரன் எங்கே நிற்பான் என்பதை அதன் எழுத்துகளுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள் நம் முன்னோர். எழுத்து எண்ணாகும் முறை எளிது: ரகரம் 2, வகரம் 4 என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. 'தேவரம்' என்று சொன்னால் தே 8, வ 4, ர 2. வலமிருந்து இடமாக வாசித்தால் 248. 'கலாநிலம்' என்றால் 3,031 நாள். 'ரசகைரிகம்' என்றால் 12,372 நாள். இவையும் சந்திரன் பழைய நடைக்குத் திரும்பிவரும் பெரிய சுற்றுகளே. கலியுகம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை எத்தனை நாள் என்று கண்டு, அதில் முதலில் 16,00,984ஐக் கழித்து, மிச்சத்தை இந்தச் சுற்றுகளால் வரிசையாக வகுத்துக்கொண்டே வந்தால், கடைசியில் 248க்குள் ஒரு மிச்சம் நிற்கும். அந்த எண்ணுக்குரிய வாக்கியத்தைச் சொன்னால் சந்திரன் அகப்பட்டுவிடுவான். நம் வீடுகளில் ஆணியில் தொங்கும் பாம்புப் பஞ்சாங்கம் இந்த வாக்கிய வழியில் வந்ததுதான்.

லெ ழாந்தி புகழ்ந்ததோடு குறையும் சொன்னார். கணிக்கிறவர்களின் வேகமும் ஞாபகசக்தியும் அவரைத் திகைக்க வைத்தன. ஆனால் ஏன் 248, ஏன் அந்தக் கழித்தல் என்று கேட்டால் காரணம் சொல்ல முடியவில்லை, சூத்திரம் அப்படி என்று மட்டும் சொன்னார்கள் என்பது அவர் வருத்தம். இதைப் படித்துக் கோபப்படுகிறவர்களுடன் நான் சேரமாட்டேன். அவர் சொன்னது பெரும்பாலும் உண்மை. காரணம் அறிந்த பெரியோர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். இந்த வாக்கிய முறையின் நூலான வாக்கிய கரணத்துக்கு உரை எழுதிய திருச்சிராப்பள்ளி சுந்தரராஜர், கேரளத்து நீலகண்ட சோமயாஜியோடு சாஸ்திர விசாரம் செய்தவர். பதினெட்டாம் நூற்றாண்டில் பாண்டிச்சேரியில் சோழி நகர்த்தியவர் கையில் விளைவு மட்டும் தங்கியிருந்தது, வேர் தங்கவில்லை. அதன் பலனை இன்றும் அனுபவிக்கிறோம்: சனிப்பெயர்ச்சி, இன்றைய வானக் கணிப்பைப் பின்பற்றும் திருக்கணிதப்படி 2023 ஜனவரியிலும் வாக்கியப்படி அதே ஆண்டு டிசம்பரிலும் வந்தபோது, எந்த நாளில் திருநள்ளாறு போவது என்று சண்டையிட்டவர்களே அதிகம், ஏன் இந்தப் பதினோரு மாத வித்தியாசம் என்று கேட்டவர்கள் குறைவு. அதே சமயம் எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. மாயரின் பெயரை அறிந்தது போல, சோழி வைத்துக் கணித்த தமிழரின் பெயரை ஐரோப்பிய சாஸ்திர உலகம் அறிந்து போற்றவில்லை. பாடம் பாரிஸுக்குப் போயிற்று, வாத்தியார் இங்கேயே நின்றுவிட்டார்.

திரும்பிப் போன கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1770 மார்ச்சில் நோயுடன் பாண்டிச்சேரியை விட்டவர், பிரான்ஸ் தீவில் சுகப்பட்டு, ஏறிய கப்பல் புயலில் சிதைந்து திரும்பி வர, கடைசியில் ஸ்பானியக் கப்பல் ஒன்றில் காதிஸ் சேர்ந்து, பிரனீஸ் மலைகளைத் தாண்டி 1771 அக்டோபர் 8 அன்று தாய்நாட்டில் கால் வைத்தார். பதினோரு ஆண்டு, ஆறு மாதம், பதின்மூன்று நாள் என்று அவரே கணக்கு வைத்திருக்கிறார். ஊரில் அவர் இறந்துவிட்டதாக வதந்தி. உறவினர்கள் சொத்தைப் பங்கிடத் துடித்துக்கொண்டிருந்தார்கள். வழக்காடினார், வழக்கிலும் தோற்றுச் செலவையும் கட்டினார். விஞ்ஞானக் கழகத்தில் அவருடைய இடமும் மாற்றப்பட்டிருந்தது. பிறகு அதில் மீண்டும் அமர்த்தப்பட்டார். இத்தனைக்கும் பிறகு அவர் வாழ்வு இனிதாகவே நடந்தது: கலியாணம் செய்துகொண்டார், ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பனானார், இந்தியக் கடல்களில் செய்த பிரயாணத்தைப் பற்றி 1779இலும் 1781இலும் இரண்டு பெரிய நூல்கள் வெளியிட்டார், 1792 அக்டோபர் 22 அன்று காலமானார்.

அவர் கொண்டுபோன திருவாரூர்க் கணக்கை வைத்து, பாய்யி என்னும் பிரெஞ்சு வானசாஸ்திரி 1787இல் பெரிய நூல் ஒன்று எழுதி, இந்தியர்கள் கலியுகம் தொடங்கியதாகச் சொல்லப்படும் கி.மு. 3102இலேயே வானத்தை அளந்து எழுதிவைத்தார்கள் என்று வாதித்தார். எடின்பரோவில் கணிதப் பேராசிரியர் பிளேஃபேர் அதை ஆமோதித்தார், பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் மறுத்தார். இந்தச் சர்ச்சையில் லாப்லாஸின் பக்கமே நியாயம் இருக்கிறது என்பதற்கு நம் கணக்கே சாட்சி: கலியின் ஆதியிலிருந்து 16,00,984 நாள் கடந்து வருவது கி.பி. 1282ஆம் ஆண்டு. பாண்டியர்கள் தமிழகத்தை ஆண்ட காலத்தில், அன்றைய வானத்தைப் பார்த்து ஒழுங்குபடுத்திய கணக்கு இது. ஐயாயிரம் ஆண்டு என்று நீட்டாமலேயே அது பெருமைக்குரியதுதான்.

லெ ழாந்திக்கு அரை நூற்றாண்டுக்குப் பின், அதே பாண்டிச்சேரியில், அதே சோழிகளைக் கொண்டு, 1825ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தை ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் கணிப்பதை உட்கார்ந்து பார்த்து, ஒவ்வொரு படியாக எழுதிவைத்தவர் ஜான் வாரன். சென்னை வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய அவருடைய 'காலசங்கலிதம்' பற்றி அடுத்த பகுதியில் எழுதுவேன். அதற்குள் கொங்கு நாட்டு வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பஞ்சாங்கம் கணித்த குடும்பங்கள் நம் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் இருக்கின்றன. பரணிலும் பெட்டியிலும் அவர்கள் வைத்திருக்கும் ஏடுகளில் இந்த 248 வாக்கியங்களும் இருக்கக்கூடும். பூச்சி அரித்ததென்றும், படிக்கத் தெரியவில்லையென்றும், ஆடிப்பெருக்கன்று அமராவதியில் விட்டுவிடாதீர்கள். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ தஞ்சை சரசுவதி மகாலுக்கோ தகவல் கொடுங்கள். அங்கே ஏடு படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

(தொடரும்)